அடிவயிற்றில் ஒரு குடை

அமலி வரைந்த விமானத்தைப் பார்த்து, அது நிஜமான புகைப்படம்தான் என்று பந்தயம் கட்டித் தோற்றவர்கள் உண்டு. திருச்சி பாலக்கரையில் கல்யாண ஆல்பம் செய்யும் ஒரு ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை. மணப்பெண்ணின் கன்னத்துப் பருவை எடுப்பது, மாப்பிள்ளையின் நெற்றியைக் கொஞ்சம் சிறிதாக்குவது, சாப்பாட்டுப் பந்தியில் கண்ணை மூடிக்கொண்ட மாமனாருக்கு வேறு படத்திலிருந்து கண் எடுத்து வைப்பது. வீட்டுக்கு வந்தால் அதே மென்பொருளில் விமானங்களுக்குத் தோல் வரைவாள்.

கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் பைத்தியங்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கு விமானம் நிஜம்போல ஓடினால் மட்டும் போதாது, நிஜம்போலத் தெரியவும் வேண்டும். விமானத்தின் உடம்பை உரித்துத் தரையில் விரித்துப் போட்ட மாதிரி ஒரு வெற்றுப் படம் கிடைக்கும். அதன்மேல் லேயர் லேயராக வரைய வேண்டும். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோலத்தான். அடியில் வெள்ளை நிறம், அதற்கு மேல் தகடுகளின் இணைப்புக் கோடு, ஆணிகள், பிறகு எழுத்து, சின்னம். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் சின்னதாய் ஒரு கண் படம் இருக்கும். அதை அழுத்தினால் அந்த லேயர் மட்டும் மறைந்துபோகும். மறுபடி அழுத்தினால் திரும்பி வரும்.

அமலியின் பெயர் நின்றது எல்லாவற்றுக்கும் மேலே வரும் அழுக்கு லேயரில். என்ஜின் புகை எந்தத் திசையில் படியும், எண்ணெய் கசிந்தால் காற்று அதை எப்படி இழுக்கும், மண் ஓடுதளத்தில் இறங்கும் விமானத்தின் வயிற்றில் செம்மண் எங்கே அறையும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. “ஊரெல்லாம் அழுக்கத் தொடைக்குது, இவ ஒருத்திதான் பூசுறா” என்பான் அவள் கணவன் லூர்து. அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வண்டியைத் தினமும் கழுவுகிறவனின் ஆதங்கம் அது.

அவள் இருந்த சிமுலேட்டர் குழுவை நடத்தியவர் தயாபரன். யாழ்ப்பாணத்துக்காரர், டொராண்டோவில் லிஃப்ட் பழுதுபார்க்கிறார். அவருடைய குழுவுக்கு ஒரு தனிக் கிறுக்கு இருந்தது. பயணிகள் விமானம் ஓட்ட மாட்டார்கள், போர் நடக்கும் ஊர்களுக்கு உணவு கொண்டுபோகும் ‘நீலக்குடை’ விமானங்களைத்தான் ஓட்டுவார்கள். நீலக்குடை ஒரு நிவாரண அமைப்பு. வெள்ளை விமானம், அடிவயிற்றில் விரித்த நீலக் குடை. கீழே இருப்பவர்கள் அண்ணாந்து அந்தக் குடையைப் பார்த்தால் பயப்படாமல் வெளியே வரலாம் என்று அர்த்தம். குழுவுக்கான நீலக்குடைத் தோல்கள் எல்லாம் அமலி வரைந்தவை. தயாபரன் அவற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருந்தார்.

இதற்கிடையில் நிஜ விமானங்களுக்கும் தோல் மாறியது. பெயிண்ட் அடிப்பதென்றால் விமானம் வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு மெல்லிய படலம் வந்தது. மின்புத்தகத் திரைபோல, அனுப்பும் படத்தை அப்படியே தன்மேல் காட்டும். விமானத்தை வேறு கம்பெனிக்கு வாடகைக்கு விட்டால் காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம். படலம் செய்தவர்கள் புதிதாக அளவெடுக்கச் சோம்பல்பட்டு, சிமுலேட்டர்காரர்கள் காலங்காலமாகப் புழங்கிய விரித்த படத்தையே எடுத்துக்கொண்டார்கள். அதாவது கணினி விளையாட்டுக்கு வரைந்த தோல் ஒரு மாற்றமும் இல்லாமல் நிஜ விமானத்துக்கும் பொருந்தும். குழுவில் அன்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அமலியும் லூர்துவிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

ஸ்ரீவத்சன் என்பவர் அவளைத் தேடி வந்தது அதற்குப் பிறகுதான். பெங்களூரில் பயிற்சி மென்பொருள் செய்யும் கம்பெனி என்று சொன்னார். வீடியோ அழைப்பில் பூஜையறைக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவார். குரலில் அவ்வளவு மரியாதை. ஆளில்லாத சரக்கு விமானம் ஒன்றுக்கு நீலக்குடைத் தோல் வேண்டும் என்றார். பழசாக, பல தடவை வந்துபோனதாகத் தெரிய வேண்டும். முக்கியமாக, கீழேயிருந்து பிற்பகல் வெயிலில் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதில் கவனம் வேண்டும். அப்புறம் இன்னொன்று. குடையும் வெள்ளையும் அழுக்கும் எல்லாம் ஒரே கட்டாக, ஒரு சொடுக்கில் மறைந்து, அடியில் வெறும் சாம்பல் நிறம் வர வேண்டும்.

அமலிக்கு அது உறுத்தாமல் இல்லை. சிமுலேட்டரில் யாரும் தன் விமானத்தைக் கீழேயிருந்து பார்ப்பதில்லை. பறக்கும்போதே தோல் மாறும் நிவாரண விமானத்தையும் அவள் கேள்விப்பட்டதில்லை.

“இது எதுக்கு சார், கீழேருந்து பாக்குற மாதிரி?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“தரையில நிக்கற தொண்டர்களுக்குப் பயிற்சி மேடம். எது நம்ம விமானம், எது இல்லேன்னு அவா கத்துக்கணும் இல்லையா? அதான் மாத்தி மாத்திக் காட்டறோம்.” பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார், “உங்க பழைய வேலையையும் நீலக்குடையோட சொந்தப் போட்டோவையும் பக்கத்துல வச்சு அவா ஆட்கள்கிட்டயே காட்டினேன். உங்களோடதைத்தான் நிஜம்னு சொன்னா.”

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், அது உண்மையில்லை. தோன்றியது. கேட்டால் அந்தப் பாராட்டு கலைந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள். தன் வாழ்நாளிலேயே சிறந்த வேலையாக அதைச் செய்தாள். வயிற்றில் ஒரு துருக்கறை வேண்டியிருந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் குழாய்க்குக் கீழே வழிந்து காய்ந்த கறையைப் படமெடுத்து, கழுவித் துடைத்த மாதிரி மங்கலாக்கி, குடையின் ஓரத்தில் பதித்தாள். அவ்வளவு அழகாக உட்கார்ந்தது.

சில மாதங்கள் போயிருக்கும். ஸ்டூடியோவில் டீ குடித்துக்கொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த வீடியோ வந்தது. சரூன் என்ற மலைப் பள்ளத்தாக்கு. போர் வளைத்துப்போட்டு நெடுநாளாகச் சோறு தண்ணீர் போகாத இடம். யாரோ போனில் எடுத்திருந்தார்கள். வெள்ளை விமானம் தாழ்வாக வருகிறது. வயிற்றில் நீலக் குடை. வீடுகளிலிருந்தும் குகைகளிலிருந்தும் சனங்கள் பாத்திரமும் சாக்குமாக வயலுக்கு ஓடிவருகிறார்கள். பெண்கள் சிரிக்கிறார்கள். விமானம் ஒரு வட்டம் அடித்துத் திரும்புகிறது. திரும்பும்போது குடை இல்லை. வெள்ளை இல்லை. சாம்பல் நிற விமானம். அதன் பிறகு போன் கீழே விழுந்துவிட்டது. சத்தம் மட்டும் கேட்டது.

அமலி அதை மறுபடி ஓடவிட்டாள். சாம்பல் வயிறு வரும் இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கினாள். இடது பக்கம், குடையின் ஓரம் இருந்த இடத்தில், ஒரு துருக்கறை. குழாயிலிருந்து வழிந்து இரண்டாகப் பிரிந்து, ஒன்று குட்டையாக நின்றுபோன கறை. கட்டுக்குள் போட வேண்டிய அந்த ஒரு லேயரை அவள் மறந்து வெளியே வைத்திருக்கிறாள். எல்லாம் மறைந்தும் அது மட்டும் மறையவில்லை. அவள் வீட்டு மொட்டைமாடிச் சுவர், அந்த வயலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தது.

டீ டம்ளரை எங்கே வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. உள்ளே போய், பாதியில் விட்டிருந்த ஒரு மணப்பெண்ணின் கழுத்துச் சுருக்கத்தை எடுத்து முடித்தாள். கை தானாக வேலை செய்தது. அதுதான் அவளுக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது. ஸ்ரீவத்சனின் எண்ணுக்கு அடித்தாள். அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது.

மறுநாள் தயாபரன் அழைத்தார். அவரும் பார்த்திருந்தார்.

“தங்கச்சி, அந்தக் குடை உங்கட கைவேலை மாதிரி இருக்கு. அந்தப் புகை படிஞ்ச விதம். ஆரும் கேட்டவையோ உங்களிட்ட?”

“இல்லண்ணா” என்றாள் அமலி. ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. “நம்ம குரூப்ல இலவசமா போட்டு வச்சிருந்தோமே. அதுலேருந்து எவனாச்சும் எடுத்திருப்பான்.”

அவர் நம்பிவிட்டார் என்று அவளுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகுதான் தான் சொன்ன பொய் எங்கே போய் விழுந்தது என்று புரிந்தது. இலவசமாக வைக்கலாம் என்று பிடிவாதமாக நின்றவர் அவர்.

“அப்ப நான்தான் குடுத்திருக்கிறன்” என்றார் தயாபரன். மெல்லத்தான் சொன்னார். “நான் ஏன் இந்தக் குழுவைத் துவங்கினனான் எண்டு உங்களுக்குத் தெரியாது. சின்னப்பிள்ளையா ஊரில இருக்கேக்க, விமானச் சத்தம் கேட்டா எந்தப் பக்கம் ஓடுறது எண்டு அதின்ர வயித்தைப் பாத்துத்தான் முடிவெடுப்பம். ஒருக்கால் சாப்பாட்டுப் பொட்டலமும் போட்டவை. அண்டைக்கு நான் விமானத்துக்குப் பின்னால ஓடினனான், தங்கச்சி. பயந்து ஓடேல்லை, சந்தோசமா ஓடினனான்.”

இரண்டு நாளில் அவர் குழுவைக் கலைத்தார். அத்தனை தோல்களையும் இணையத்திலிருந்து எடுத்தார். என் கவனக்குறைவால் நடந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தன் பெயர் போட்டு எழுதினார். கீழே ஊர்பேர் தெரியாதவர்கள் எல்லாம் அவரைக் கொலைகாரன் என்று திட்டினார்கள். அவர் ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. அமலி ஒவ்வொன்றையும் படித்தாள். படிக்காமல் இருக்க முடியவில்லை.

இதற்குள் சரூனை வளைத்துக் குண்டு போட்ட அரசாங்கம் வேறு கதை சொல்ல ஆரம்பித்தது. குடை போட்ட விமானம் வேறு, சாம்பல் விமானம் வேறு. நீலக்குடையே ஆயுதம் கொண்டுபோனது, அதைத் துரத்தி வந்து அடித்தது வேறு யாரோ, நாங்கள் இல்லை. வீடியோவில் விமானம் நிறம் மாறுவது போலி வேலை. நீலக்குடையின் விமானங்களை எல்லா நாடுகளும் தரையிறக்க வேண்டும். அதை நம்பவும் ஆட்கள் இருந்தார்கள். இரண்டும் ஒரே விமானம்தான் என்று காட்ட உலகத்தில் ஒரே ஒரு சாட்சி இருந்தது. அது அமலியின் கணினியில், லேயர் கலையாமல், துருக்கறை கட்டுக்கு வெளியே நிற்க, அப்படியே இருந்தது.

லூர்துவிடம் சொன்னாள். அவன் வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டான். அவளைத் தேற்றத்தான் பார்த்தான்.

“நீ என்ன பண்ணுவ? பேனர் அடிக்கிறவன் கட்சி பாத்தா அடிக்கிறான்? கேட்டாங்க, வரைஞ்ச. அழிச்சுப்புட்டு வேலையப் பாரு. போலீசு கீலீசுன்னு வந்தா நம்ம தாங்க மாட்டோம்.”

“எனக்குத் தெரியும்ங்க” என்றாள். “தெரியாம வரைஞ்சிருந்தா நீங்க சொல்றது சரி. ஏதோ தப்புன்னு அன்னைக்கே தெரியும். நல்லாருக்குன்னு சொன்னாங்கன்னு வரைஞ்சேன்.”

அவன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

தயாபரனிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அழைத்து, வணக்கம்கூடச் சொல்லாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். ஸ்ரீவத்சனை, தான் கேட்ட ஒரே கேள்வியை, பாராட்டை, பொய்யை. திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை.

“அண்ணா, எதாச்சும் சொல்லுங்கண்ணா.”

“என்னத்தைச் சொல்ல. என்ர மகள் என்னோட கதைக்கிறேல்லை, தெரியுமோ? அவளின்ர பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் என்ர பேர் தெரிஞ்சுபோச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “ஃபைல் கிடக்குதுதானே? அழிச்சுப்போடாதையுங்கோ. நீலக்குடைக்காரரோட நான் கதைக்கிறன்.”

நீலக்குடை சார்பில் பேசியவள் மிரேலா என்ற பெண். விசாரணை அதிகாரி. அமலிக்கு ஆங்கிலம் பாதி புரியும், பாதி புரியாது; தயாபரன் நடுவில் இருந்து மொழிபெயர்த்தார். மிரேலா கோபப்படவே இல்லை. எந்த லேயர், எந்த வரிசை, எந்தத் தேதி என்று மட்டும் கேட்டாள். மொட்டைமாடிக்குப் போய் அந்தச் சுவரைக் காட்டச் சொன்னாள். பட்டப்பகல் வெயிலில், பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருக்க, அமலி போனைச் சுவருக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாகப் பிரிந்து, ஒன்று குட்டையாக நின்றுபோன கறை. மிரேலா நீண்ட நேரம் அதையே பார்த்தாள்.

சாட்சி எடுபட்டது. அமலியின் பெயர் செய்திகளில் வந்தது. போலீஸ் வந்து கணினியை எடுத்துப் போனது, கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள். படம் வரைந்ததற்குத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டூடியோ முதலாளி வேலையைவிட்டு நிறுத்தவில்லை. தெருவில் சிலர் பேசுவதை நிறுத்தினார்கள், சிலர் பாவம் என்றார்கள். யாராவது தன்னை அறைந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று அமலிக்குத் தோன்றிய நாட்கள் உண்டு. தயாபரன் தன் பேரில் விழுந்த பழி நீங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மகள் மறுபடி பேச ஆரம்பித்தாளா என்று கேட்க அமலிக்கு வாய் வரவில்லை.

பிறகு மிரேலா மறுபடி அழைத்தாள். பள்ளத்தாக்கில் பட்டினி. விமானம் அனுப்ப வேண்டும், ஆனால் குடையை இனி யாரும் நம்பப்போவதில்லை. புதிய அடையாளம் வேண்டும். அவர்கள் ஒன்றை உருவாக்குவார்கள், அதை அமலி போலி செய்து பார்க்க வேண்டும். அவளால் முடிந்தால் அந்த அடையாளம் உதவாது.

அமலி ஒப்புக்கொண்டாள். முதலில் ஒரு பூவேலை அனுப்பினார்கள், செய்துவிட்டாள். கோணம் மாறினால் நிறம் மாறும் குறி ஒன்று அனுப்பினார்கள். சற்றுத் திணறி, அதையும் செய்துவிட்டாள். மின்னி மின்னி அணையும் கோடுகள், செய்தாள். ஒவ்வொரு முறையும் தயாபரனுக்குத்தான் முதலில் அனுப்புவாள். அவர் நிஜத்தையும் போலியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

நான்காவதாக வந்ததில் அவர் கண்டுபிடித்துவிட்டார். “தங்கச்சி, நீங்கள் வேணுமெண்டு பிழையாக் கீறியிருக்கிறியள்.”

அவள் மறுக்கவில்லை. “எனக்கு வரலைன்னா அவங்க பிளேன அனுப்புவாங்கல்லண்ணா. சாப்பாடு போகும்ல.”

“ஓம், அனுப்புவினம். பிறகு உங்களை மாதிரி இன்னொராள் சரியாக் கீறும். அந்தச் சனங்களும் திரும்ப ஓடி வெளியில வருங்கள்.”

அமலி அதைத் திருத்தி, சரியாகப் போலி செய்து அனுப்பினாள்.

கடைசியில் வழி கிடைத்தது அந்தப் பள்ளத்தாக்கிலிருந்தே. அடையாளத்தை மேலே இருப்பவர்கள் ஏன் முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டார்களாம் அங்குள்ள பெண்கள். ஒவ்வொரு முறையும் கீழே இருப்பவர்கள் ஒரு பொருளை நினைத்துக்கொள்வார்கள். ஆடு, அகப்பை, சீப்பு, ஏதோ ஒன்று. அவர்களில் ஒருத்தி மலையைக் கடந்து நடந்துபோய் நீலக்குடை ஆளின் காதில் மட்டும் சொல்வாள். விமானம் அந்தப் படத்தை வயிற்றில் போட்டுக்கொண்டு வரும். அடுத்த முறை வேறு.

அமலி முயன்றாள். நாளெல்லாம் உட்கார்ந்தாள். அவள் கையில் எந்த வித்தை இருந்தாலும், ஒருத்தி நினைத்ததை எப்படி வரைவது? முடியவில்லை என்று எழுதி அனுப்பினாள்.

“இந்தமுறை வேணுமெண்டு செய்யேல்லைத்தானே?” என்று கேட்டார் தயாபரன்.

“சத்தியமா இல்லண்ணா.”

வெகுநாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். தோற்றுப்போனதற்காக இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அமலி அன்றுதான் தெரிந்துகொண்டாள். மிரேலா நன்றி சொன்னாள். உங்களைவிடத் திறமையானவர் கிடைத்திருக்க மாட்டார் என்றாள். அமலி தலை குனிந்துகொண்டாள்.

முதல் விமானம் போகும் நாளில், அதன் கேமரா காட்டுவதை அவர்கள் இருவரும் பார்க்க மிரேலா ஏற்பாடு செய்தாள். திருச்சியில் நடுப்பகல். லூர்துவும் சாப்பாட்டுத் தட்டோடு வந்து பின்னால் நின்றான். அன்று பெண்கள் தேர்ந்தெடுத்தது சீப்பு. புறப்படும் முன் மிரேலா அதைப் படமெடுத்துக் காட்டியிருந்தாள். விமானத்தின் வயிற்றில் நீலத்தில் பெரிய சீப்பு ஒன்று, பல் பல்லாகத் தெளிவாக இருந்தது. அழுக்கில்லை, கறையில்லை.

மலை முகடு கடந்தது. பள்ளத்தாக்கு திறந்தது. வயல் தெரிந்தது, வயலைச் சுற்றி வீடுகள். வாசல்களில், வரப்பில், கிணற்றடியில் சின்னச் சின்னதாய் மனிதர்கள். “அந்தா நிக்கினம்” என்றார் தயாபரன்.

என்ஜின் சத்தம் அவர்களை எட்டியிருக்க வேண்டும். கிணற்றடியில் இருந்தவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். வரப்பில் இருந்தவர்கள் குழந்தைகளை வாரிக்கொண்டு குகைகளைப் பார்த்து ஓடினார்கள். சீப்பு என்று சொல்லிவிட்டு வந்த பெண்ணும் அவர்களுக்குள் இருந்திருப்பாள். விமானம் இன்னும் தாழ இறங்கி ஒரு வட்டம் அடித்தது, பார்க்கட்டும் என்று. இன்னொரு வட்டம் அடித்தது.

மூட்டைகள் ஒவ்வொன்றாக வயலில் விழுந்தன. ஒன்று வெடித்து மாவு வெள்ளையாகப் பரவியது. “கொஞ்ச நேரம் பாப்பம்” என்றார் தயாபரன். விமானம் திரும்பும்வரை பார்த்தார்கள். வயிற்றில் இருந்த படம் சரியாகத்தான் இருந்தது. அண்ணாந்து பார்க்கத்தான் கீழே ஒருவரும் நிற்கவில்லை.